அரை இஞ்சியில் அரை இஞ்சி எங்கே?

ஹார்ட்வெயார் கடையில் அரை இஞ்சி ஜீ.ஐ. பைப் துண்டொன்றை எடுத்து அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள். வெளி விட்டம் 21 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே வரும். உள் விட்டம் கிட்டத்தட்ட 16. அரை இஞ்சி என்பது 12.7 மில்லிமீற்றர். உள்ளேயும் அது இல்லை, வெளியேயும் இல்லை. சுவரின் தடிப்பை அளந்தால் அது மூன்று மில்லிமீற்றருக்கும் கீழே. அப்ப அந்த அரை இஞ்சி எங்கே போனது?

இந்தக் கேள்வியை கம்பஸ் கன்ரீனில் கேட்டபோது உடனே வந்த பதில், "கடைக்காரன் உங்களை நல்லாச் சுத்திப்போட்டான்" என்பதுதான். கடைக்காரர் சுத்தவில்லை. அதே கடையில் ஒரு இஞ்சி உருண்டை டியூப்பை எடுத்து அளந்தால் வெளி விட்டம் 25.4 மில்லிமீற்றர், சொன்ன சொல் மாறாமல் ஒரு இஞ்சி. அதற்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருக்கும் ஒரு இஞ்சிப் பைப்பை அளந்தால் 33க்கும் 34க்கும் இடையில் நிற்கும். இரண்டுக்கும் "ஒரு இஞ்சி" என்றுதான் பெயர். நடுவில் எட்டு மில்லிமீற்றர் வித்தியாசம்.

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு இது என்னத்துக்கு என்று கேட்பீர்கள். நாங்கள் ஆறு பேர், அதில் நாலு பேர் பெண்கள். பள்ளிக்கூட மைதானம், கோயில் வெளி, வாசிகசாலை முற்றம் என்று போய் நாடகம் போடுகிற ஒரு சின்னக் குழு. மின்விளக்குகளைத் தொங்கவிட எங்களுக்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது. பத்தடி உயரத்துக்கு நிற்க வேணும், கழற்றிக் கட்டி லான்ட்மாஸ்டரில் ஏற்றக்கூடியதாக இருக்க வேணும். அதைவிட முக்கியமாக, அதன் மேல் ஒராள் ஏறி விளக்கைத் திருப்ப வேணும். ஏறப்போகிறவ யார் என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்தது. எங்களுக்குள் நிறை குறைஞ்சவ, உயரத்துக்குப் பயப்படாதவ, இரண்டாம் வருஷம். அவ சொன்ன ஒரே நிபந்தனை: "நான் ஏறுறன். ஆனா என்னத்தில ஏறுறன் எண்டு எனக்குத் தெரியோணும்."

அந்த ஒரு வசனத்தால்தான் நாங்கள் ஒரு மாதமாகக் குழாய் படித்தோம்.

கடையில் எங்களிடம் கேட்ட முதல் கேள்வியிலேயே தடக்கினது எங்கள் மொழி. "தங்கச்சி, பைப்போ டியூப்போ?" தமிழில் இரண்டுமே குழாய். சோதனைக்குழாய், குழாய்க்கிணறு, இரத்தக் குழாய், குழாய்த் தண்ணி. ஆங்கிலத்தில் பைப், டியூப் என்று பிரித்து வைத்திருக்கிறதெல்லாம் எங்களிடம் வந்ததும் ஒரே சொல்லுக்குள் போய்ப் படுத்துவிடுகிறது. அதுக்காகத் தமிழில் சொல் இல்லை என்று அழத் தேவையில்லை. குளத்துத் தண்ணீரைத் திறந்து விடுகிற இடத்துக்கு வன்னியில் துருசு என்கிறார்கள், பழைய சொல் தூம்பு. ஊதுகிறது குழல். எது எதற்கு வேறு பெயர் தேவைப்பட்டதோ அதற்கு எங்கள் ஆட்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். இரும்புக் குழாய் கப்பலில் வந்தது, பெயரும் அதோடு வந்தது. டியூப் என்றால் எங்கள் வீடுகளில் முதலில் ஞாபகம் வருகிறது சைக்கிள் டியூப்பும் டியூப் லைட்டும்தான். (அப்பப்பாமார் அதை இன்னும் "ரியூப்" என்றுதான் எழுதுகிறார்கள்.)

கடையில் பதினைந்து வருஷமாக இரும்பு வெட்டுகிற அண்ணை ஒருவர்தான் எங்களுக்கு முதல் வாத்தியார். அவர் சொன்ன விளக்கம் இது: "பைப் எண்டா அதுக்குள்ளால ஏதாவது போகும். டியூப் எண்டா அது தானே வேலை செய்யும்." தண்ணி, எண்ணெய், காஸ், நீராவி போகிறது பைப். கதிரைக் கால், படலைச் சட்டம், பஸ்ஸில் பிடித்துக்கொண்டு நிற்கிற கம்பி எல்லாம் டியூப். தொண்ணூறு வீதம் இது சரியாக வரும். மிச்சப் பத்து வீதத்தில் குழப்பம். கொதிகலனுக்குள் தண்ணீர் போகிற குழாய்களை உலகம் முழுக்க டியூப் என்றுதான் சொல்கிறார்கள். ஏ.சி. பூட்டுகிறவர்கள் வளைத்து வளைத்துக் கொண்டுபோகிற செப்புக் குழாய்க்குள்ளும் வாயு போகிறது, அதுவும் டியூப். ஜே.சி.பி.யின் கையை அசைக்கிற எண்ணெய் போகிற இரும்புக் குழாயும் அப்படித்தான்.

ஆகவே உள்ளே என்ன போகிறது என்பதைப் பார்ப்பதைவிட, அளவை எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்ப்பது நல்ல வழி. டியூப்புக்குச் சொல்கிற அளவு உண்மையான வெளி விட்டம், அதோடு சுவரின் உண்மையான தடிப்பு. தடிப்பை மில்லிமீற்றரில் சொல்வார்கள், இல்லாவிட்டால் கேஜில் சொல்வார்கள். கேஜ் கூடக் கூட தகடு மெல்லிசாகும் என்பது புதிதாகப் போகிறவர்களைக் குழப்பும்: 16 கேஜ் என்றால் ஏறத்தாழ 1.6 மில்லிமீற்றர், 18 கேஜ் ஏறத்தாழ 1.2. பைப்புக்குச் சொல்கிற அளவு ஒரு பெயர் மட்டும். "அரை", "முக்கால்", "ஒண்டரை" என்ற அந்தப் பெயருக்கு ஒரு நிலையான வெளி விட்டம் இருக்கிறது, அதைப் பட்டியலில் பார்க்க வேணும். தடிப்புக்கும் ஒரு வகுப்புப் பெயர்தான். அமெரிக்க முறையில் செடியூல் 40, செடியூல் 80 என்பார்கள். பிரித்தானிய முறையில் லைட், மீடியம், ஹெவி.

செடியூல் கூடினால் பைப் வெளியே பருக்காது. அரை இஞ்சி செடியூல் 40 பைப்பின் சுவர் 2.77 மில்லிமீற்றர், செடியூல் 80 என்றால் 3.73. இரண்டின் வெளி விட்டமும் 21.3 தான். தடிப்பு முழுக்க உள்பக்கமாக வளர்கிறது, தண்ணி போகிற வழிதான் ஒடுங்குகிறது. ஏனென்றால் வெளியில்தான் புரி வெட்டுகிறார்கள். சொக்கட், எல்போ, டீ, வால்வ் எல்லாம் வெளியில்தான் வந்து பூட்டுகிறது. வெளி அளவை மாற்றினால் ஊரிலுள்ள அவ்வளவு சாமானும் பொருந்தாமல் போகும்.

காணாமல் போன அரை இஞ்சியின் கதையும் இதுக்குள்தான் இருக்கிறது. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஸ் விளக்குக்காகத்தான் இரும்புக் குழாய் பெருந்தொகையாகத் தேவைப்பட்டது. முதலில் பழைய துவக்குக் குழல்களை ஒன்றோடொன்று பூட்டி காஸ் கொண்டுபோனார்கள் என்று சொல்வார்கள். துவக்குக் குழலுக்குள்ளால் வெளிச்சம் போன கதையை எங்களில் யாருக்குத்தான் பிடிக்காது! 1825 இல் இங்கிலாந்தில் கோர்னீலியஸ் வைட்ஹவுஸ் என்பவர், நீளமான இரும்புத் தகட்டைப் பழுக்கக் காய்ச்சி, ஒரு வாய்க்குள்ளால் இழுத்து, விளிம்பு இரண்டையும் ஒட்டவைத்துக் குழாயாக்கும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். அந்தக் காலத்து இரும்புக்குச் சுவர் தடிப்பாக இருக்க வேண்டியிருந்தது. அதனால் "அரை இஞ்சி" என்றால் உள்ளே அரை இஞ்சிக்குக் கிட்ட ஓட்டை இருந்தது, பெயரில் பொய் இல்லை. பிறகு இரும்பு நல்லதாக வந்தது, உருக்கு வந்தது, சுவரை மெல்லிசாக்கலாம் என்றாயிற்று. எந்தப் பக்கத்தைக் குறைப்பது? வெளியைத் தொட்டால் பழைய பூட்டுகள் பொருந்தாது. உள்ளே சுரண்டினார்கள். ஓட்டை பெருத்தது. பெயரை ஒருவரும் மாற்றவில்லை.

அமெரிக்காவில் 1927 இல்தான் இந்த அளவுகளை ஒழுங்குபடுத்தும் வேலையைத் தொடங்கினார்கள். செடியூல் எண்கள் அதிலிருந்து வந்தவை. அதற்கு முந்தி ஸ்ராண்டர்ட், எக்ஸ்ட்ரா ஸ்ட்ரோங், டபிள் எக்ஸ்ட்ரா ஸ்ட்ரோங் என்று மூன்றே மூன்று தடிப்புத்தான். (தேத்தண்ணிக் கடையில் சாயம் சொல்கிறமாதிரி.) ஒரு வேடிக்கை: அமெரிக்கப் பட்டியலில் 12 இஞ்சிப் பைப் வரைக்கும் பெயரும் வெளி விட்டமும் பொருந்தாது, 12 இஞ்சிப் பைப்பின் வெளி விட்டம் 12.75 இஞ்சி. 14 இஞ்சியிலிருந்து திடீரென்று இரண்டும் ஒன்றாகிவிடும். சின்னப் பைப்புக்குத்தான் இந்தக் கள்ளப் பெயரெல்லாம்.

நாங்கள் பிரித்தானியாவிடமிருந்து இந்தப் பழக்கத்தை வாங்கியவர்கள் என்பதால் எங்களுக்கு இன்னொரு முடிச்சு மேலதிகமாக இருக்கிறது. ஜீ.ஐ. பைப்புக்கான பழைய பிரித்தானிய நியமம் பி.எஸ். 1387. அதன் தலைப்பில் அவர்கள் எழுதியிருப்பது "டியூப்". அமெரிக்கன் பைப் என்கிற அதே சாமானை ஆங்கிலேயன் தாளில் டியூப் என்று எழுதினான், எங்கட கடையில் அது மறுபடியும் பைப். இந்தியாவின் ஐ.எஸ். 1239 உம் டியூப் என்றே சொல்கிறது. அதனால் தாளில் எழுதியிருக்கிற சொல்லை நம்பி ஒன்றும் முடிவெடுக்க ஏலாது. ஆனால் பி.எஸ். 1387 இல் ஒரு நல்ல வசதி இருக்கிறது, நிறப் பட்டி. மண்ணிறம் லைட், நீலம் மீடியம், சிவப்பு ஹெவி. பைப்பின் நுனிக்குக் கிட்ட ஒரு பட்டி அடித்திருக்கும். இந்தியப் பைப்பில் லைட்டுக்கு மண்ணிறத்துக்குப் பதிலாக மஞ்சள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நாங்கள் ரோட்டில் போகும்போது பைப்பின் நுனியைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது, கல்யாண வீட்டுப் பந்தலில்கூட.

புரியிலும் இப்படி ஒரு வில்லங்கம். எங்கள் நாட்டில் பிரித்தானியப் புரிதான் வழக்கம், அதன் கோணம் 55 பாகை. அமெரிக்கப் புரி 60 பாகை. அரை இஞ்சியிலும் முக்காலிலும் இரண்டுக்கும் ஒரு இஞ்சிக்குப் பதினாலு புரி என்பதால் ஒன்றுக்குள் ஒன்று இரண்டு மூன்று சுற்றுப் போகும். போகிறது என்று சந்தோசப்பட்டால் பிறகு ஒழுகும்.

பிளாஸ்ரிக் பைப்பில் விஷயம் கொஞ்சம் நேர்மை. எங்கள் வீட்டுத் தண்ணித் தாங்கியிலிருந்து வருகிற, எல்லோரும் எஸ்லோன் என்று கூப்பிடுகிற பி.வி.சி. பைப்பில் 20 மி.மீ. என்று அச்சடித்திருந்தால் அது உண்மையான வெளி விட்டம். ஆனால் கடையில் அதை அரை இஞ்சி என்றுதான் கேட்போம். 25 என்றால் முக்கால், 32 என்றால் ஒரு இஞ்சி. பைப்பின் உடம்பில் புது அளவு, எங்கட வாயில் பழைய பெயர். செப்புக் குழாயோ இரண்டு கட்சியிலும் நிற்கும். அமெரிக்கத் தண்ணீர்க் குழாய் என்றால் சொன்ன அளவைவிட வெளி விட்டம் எட்டில் ஒரு இஞ்சி கூட, ஏ.சி.க்காரர் வாங்குகிறது என்றால் சொன்ன அளவே வெளி விட்டம்.

இனி எங்கள் சட்டத்துக்கு வருவம். கடை அண்ணை எங்களைப் பார்த்துவிட்டு, புதிதாக வெல்டிங் செய்கிறதைவிட ஸ்கபோல்டிங் வாடகைக்கு எடுங்கோ, காசு மிச்சம் என்றார். (நல்ல தமிழில் சாரம் என்று எழுதலாம். எங்கட ஊரில் சாரம் என்றால் உடுக்கிறது, வாசிக்கிறவர்கள் தவறாக நினைத்துவிடுவீர்கள்.) ஸ்கபோல்டிங்குக்கு வருகிற குழாய் ஒரு விசித்திரப் பிறவி. பெயர் டியூப், வேலையும் டியூப்பின் வேலை, உள்ளே ஒன்றும் ஓடுவதில்லை. ஆனால் அதன் வெளி விட்டம் 48.3 மில்லிமீற்றர், அதாவது ஒன்றரை இஞ்சிப் பைப்பின் அளவு. பைப் குடும்பத்தில் பிறந்து டியூப் வீட்டில் வாழ்க்கைப்பட்ட பிள்ளை. நியமப்படி அதன் சுவர் 4.0 மில்லிமீற்றர், அல்லது 3.2. இரண்டு குழாயைச் சேர்த்துப் பிடிக்கிற கிளிப் அந்த 48.3 ஐ நம்பித்தான் செய்யப்பட்டிருக்கிறது. இரண்டு இஞ்சித் தளபாட டியூப்பைக் கொண்டுவந்தால் 50.8, கிளிப் மூடாது. அதனால் அந்தப் பிழை உடனே பிடிபடும், ஆபத்தில்லை.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வெளி விட்டம் 48 க்குக் கிட்ட, சுவர் மட்டும் 1.6 மில்லிமீற்றர் உள்ள டியூப்பும் சந்தையில் கிடைக்கிறது. வேலி, பந்தல், கைப்பிடிக்கு அது நல்ல சாமான். அதை வெட்டி, அலுமினியப் பெயின்ட் அடித்து, நுனியில் மூடி போட்டு, ஸ்கபோல்டிங் அடுக்கோடு சேர்த்துச் சாத்தி வைத்தால் கண்ணால் பிரிக்க ஏலாது. கிளிப் அழகாகப் பூட்டும். சுரையை இறுக்க இறுக்க மெல்லிய சுவர் நெளியும், அது கிளிப்புக்குக் கீழே நடக்கிறதால் வெளியில் தெரியாது.

நுனி திறந்திருந்தால் சுவரைப் பார்க்கலாம். விஞ்ஞானப் பிரிவுச் சிநேகிதி ஒருத்தியிடம் வேணியர் இடுக்கிமானி கடன் வாங்கினோம். உயர்தரத்தில் கலை எடுத்ததால் நாங்கள் தப்பிவிட்டோம் என்று நினைத்திருந்த கருவி அது. ஆனால் இடுக்கிமானிக்கு நுனி வேணும். மூடி போட்டு ஒட்டியிருந்தால் வெளி விட்டத்தை மட்டும்தான் அது சொல்லும், வெளி விட்டம் இங்கே ஒன்றும் காட்டிக்கொடுக்காது. தட்டிப் பார்த்துச் சத்தத்தில் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். குழாயை எதில் வைத்துத் தட்டுகிறோம், எந்த இடத்தில் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்துச் சத்தம் மாறுகிறது. பத்துத் தடவை தட்டினோம், பத்துச் சங்கீதம் வந்தது.

வழி காட்டியது பழைய இரும்பு எடுக்கிறவர்தான். எங்கள் தலைமுறைக்கு உண்மையான பெரிய தொழிற்சாலைப் பைப் எப்படி இருக்கும் என்று தெரியாது. காங்கேசன்துறை சீமெந்து ஆலை 1990 இல் நின்றுபோனது, நாங்கள் பிறக்கிறதுக்கு எத்தனையோ வருஷம் முந்தி. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையையும் அப்பாமார் சொல்லித்தான் அறிவோம். எங்களுக்குத் தெரிந்த பெரிய குழாய்கள் இரும்புக் கடைக் கொட்டிலில் துருப்பிடித்துக் கிடப்பவை மட்டும்தான். அங்கே ஒருவரும் இஞ்சி கேட்பதில்லை, பைப்போ டியூப்போ என்று கேட்பதில்லை. தராசில் போடு, கிலோ என்ன, காசு இந்தா. ஒரே நீளம், ஒரே வெளி விட்டம், நிறை மட்டும் வேறு என்றால் அந்த வித்தியாசம் முழுக்கச் சுவரில்தான் இருக்க வேணும் என்பது அவருக்குச் சின்னப் பிள்ளைக் கணக்கு.

கணக்கு இப்படி: வெளி விட்டத்திலிருந்து தடிப்பைக் கழியுங்கள், வருவதைத் தடிப்பால் பெருக்குங்கள், அதை 0.0247 ஆல் பெருக்குங்கள். எல்லாம் மில்லிமீற்றரில் இருந்தால் விடை மீற்றருக்கு எத்தனை கிலோ என்று வரும். உருக்குக்கு மட்டும்தான் இது. 4.0 மில்லிமீற்றர் சுவருள்ள ஸ்கபோல்டிங் குழாய் மீற்றருக்கு ஏறத்தாழ 4.4 கிலோ. மூன்று மீற்றர்த் துண்டு 13 கிலோ. 3.2 சுவர் என்றால் அதே துண்டு 10.7 கிலோ. 1.6 சுவர் என்றால் ஐந்தரைக் கிலோ. பதின்மூன்றுக்கும் ஐந்தரைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் பட்டம் தேவையில்லை.

எங்களில் ஒராளின் அம்மா நிறை பார்க்கிறதுக்கு வாங்கி வைத்திருந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு வாடகைக்காரரின் வளவுக்குப் போனோம். முதலில் ஒராள் சும்மா ஏறி நிற்க வேணும், பிறகு குழாயோடு ஏறி நிற்க வேணும், பிறகு கழிக்க வேணும். யார் ஏறுவது என்று பெரிய பிரச்சினை வந்தது. ஆறு பேரும் தங்கட நிறையை மற்றவர்களுக்குக் காட்ட ஆயத்தமாக இல்லை. கடைசியில் விளக்குக்கு ஏறப்போகிறவவே ஏறினா.

எட்டுத் துண்டு எடுத்து வைத்திருந்தார்கள். ஐந்து பத்தரைக்கும் பதின்மூன்றுக்கும் இடையில் நின்றன. மூன்று ஆறு கிலோவுக்கும் கீழே. ஒரே பெயின்ட், ஒரே மூடி, ஒரே பளபளப்பு.

"தங்கச்சி, உதெல்லாம் ஒண்டுதான்" என்றார் வாடகைக்காரர். நாங்கள் மெஷினைக் காட்டினோம். மெஷின் பழசு என்றார். திரும்பவும் நிறுத்தோம். நீங்கள் என்ன இஞ்சினியர்மாரோ, நாடகத்துக்குத்தானே, இதில என்ன யானையே கட்டப்போறியள் என்றார். எங்களுக்குள் இருந்த இரண்டு ஆண்களைப் பார்த்து, "தம்பி, நீங்கள் சொல்லுங்கோ" என்றும் கேட்டுப் பார்த்தார். அவர்களில் ஒருவன், "நான் ஏறேல்ல அண்ணை, ஏறுறது அவதான்" என்றான். அதற்குப் பிறகு அவர் அதிகம் கதைக்கவில்லை. மூன்றையும் எடுத்து மற்றப் பக்கத்தில் சாத்திவிட்டு வேறு மூன்று தந்தார். அவற்றையும் நிறுத்தோம், சரியாக இருந்தது. காசும் கூடக் கேட்கவில்லை. இதையும் எழுதத்தான் வேணும்.

வெளியே வரும்போது எங்களில் ஒராள் சும்மா கேட்டா, அந்த மூன்றையும் என்ன செய்வியள் என்று. "பெயின்ட் அடிக்கிற பெடியளுக்குப் போகும்" என்றார், மிகச் சாதாரணமாக.

அன்று பின்னேரம் ரிகேர்சல் நடக்கவில்லை. சட்டத்தைக் கட்டிவிட்டோம், உறுதியாக நின்றது, அவ ஏறி இரண்டு விளக்குகளையும் திருப்பிவிட்டு இறங்கினா. சந்தோசப்பட வேண்டிய நேரத்தில் எல்லோரும் அந்த மூன்று துண்டையும் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தோம். நாங்கள் வேண்டாம் என்றதால் அவை இல்லாமல் போகவில்லை. வேறு ஒருவரின் காலுக்குக் கீழே போயிருக்கின்றன. பொலிசுக்குச் சொல்வதா, ஃபேஸ்புக்கில் போடுவதா, அவரிடமே திரும்பப் போய்ச் சண்டை பிடிப்பதா என்று பல யோசனை. ஒன்றிலும் ஒற்றுமை வரவில்லை. அந்த ஆளின் பிழைப்பும் இருக்கிறது என்று ஒருத்தி சொன்னா. ஏறுகிறவனின் பிழைப்பு என்னாகிறது என்று மற்றவ கேட்டா. இரண்டு பேரும் இரண்டு நாள் கதைக்கவில்லை.

கடைசியில் செய்தது ஒரு சின்ன விஷயம். எங்கள் விரிவுரை மண்டபத்துக்குப் பக்கத்துக் கட்டடத்துக்கு அப்போது பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மாடி. எங்கள் வயதுதான் இருக்கும், நாலு பேர். மத்தியானச் சாப்பாட்டு நேரம் நிறை மெஷினோடு அவர்களிடம் போனோம். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது, கலைப்பீடத்துப் பிள்ளைகள் வந்து இரும்பு படிப்பிக்கினம் என்று சிரிப்பார்கள் என்று.

அவர்கள் சிரிக்கவில்லை. நாங்கள் 48.3, 4.0, 13 கிலோ என்று சொல்லி முடிக்கும் வரைக்கும் சோற்றைச் சாப்பிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒருவர் கையைக் கழுவிவிட்டு எழும்பி, சுவரோடு சாத்தியிருந்த குழாய்களில் ஒன்றை ஒரு கையால் தூக்கி வைத்தார். மற்றதைத் தூக்கினார். மூன்றாவதைத் தூக்கினதும், "இது உங்கட ஐஞ்சரை" என்றார். நிறுத்துப் பார்த்தோம். 5.6.

"தூக்கேக்கையே கைக்குத் தெரியும்" என்றார். "ஏத்தி இறக்கிறது நாங்கள்தானே. பாரம் குறைஞ்சதை மேல் தட்டுக்குப் போடுவம், கீழுக்கு நிக்கிறதுக்குப் பாரமானதைப் பார்த்து எடுப்பம். போதாட்டி இருக்கிறதைத்தான் போடுறது."

திருப்பி அனுப்ப ஏலாதோ என்று கேட்டோம்.

"அனுப்பினா அண்டைக்கு வேலை இல்லை. சாமான் எடுக்கிறது கொன்ராக்காரர். நாளைக்கு வேற நாலு பேர் வருவினம்."

நாங்கள் அந்த வளவில் நின்று மூன்று துண்டை வேண்டாம் என்று சொன்னபோது எங்களிடம் இருந்தது தராசு மட்டும் இல்லை. வாடகைக் காசு எங்கட கையில் இருந்தது, பின்னேரச் சாப்பாடு அந்தக் குழாயில் தங்கியிருக்கவில்லை. அவர்களுக்கு எங்களைவிட நல்லாகவே தெரியும். தெரிந்துகொண்டே ஏறுகிறார்கள்.

அந்த ஐஞ்சரையை அவர் திரும்பவும் அடுக்கில் வைக்கவில்லை. தனியே, மாமரத்தடியில் போட்டார். கொன்ராக்காரர் வந்து கேட்டால் நெளிஞ்சுபோச்சு எண்டு சொல்லலாம் என்றார் இன்னொருவர். எண்களை ஒருக்கால் திருப்பிச் சொல்லச் சொல்லி ஃபோனில் பதிந்துகொண்டார்கள். கொன்ராக்காரரிடம் கை சொல்லுது எண்டு சொன்னால் எடுபடாது, எண் சொன்னால் எடுபடும் என்பது அவர்களின் கணக்கு. பிறகு, மெஷின் என்ன விலை என்று கேட்டார்கள். அதை வாங்கினது அம்மா, எங்களுக்குத் தெரியாது. கேட்டு அறிவிக்கிறம் என்று நம்பரை வாங்கிக்கொண்டு இரண்டு மணி லெக்சருக்கு ஓடினோம்.